உள்ளூர் பியருக்கு 19 வெள்ளியா? காசு எங்கே போகிறது, எது நல்ல பியர்?

பட்டியலில் "உள்ளூர் ஐபிஏ, 16++" என்று போட்டிருந்தார்கள். அரை லிட்டர் கிளாஸ். ரசீது வந்தபோது அந்த 16 வெள்ளி, 19 வெள்ளி 18 காசாக வளர்ந்திருந்தது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பட்டியலில் இருக்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகளும் நமக்குப் புதிதல்ல. ஆனால் அன்று எனக்கு எரிச்சல் வந்தது விலையால் அல்ல. பியர் பழசு.

ஐபிஏ என்றால் மூக்கருகே கொண்டு போனாலே ஆரஞ்சுத் தோல், மாம்பழம் மாதிரி ஒரு வாசம் வரவேண்டும். அன்று வந்தது மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம். கூட வந்த நண்பர், "நம்ம ஊரு பியரு, கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க பாஸ்" என்றார். பண்ணலாம். ஆனால் 19 வெள்ளி கொடுத்து எதை ஆதரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு பண்ணலாமே என்று தோன்றியது.

அதிலிருந்து வந்ததுதான் இந்த விளக்கம். இதில் உள்ள கணக்குகளும் விதிமுறைகளும் பொதுவானவை. சுவை பற்றிய கருத்துகள் முழுக்க என்னுடையவை, நீங்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். 18 வயது ஆகாதவர்களுக்கும், குடிக்கவே விரும்பாதவர்களுக்கும் விலைக் கணக்கு மட்டும் சுவாரஸ்யமாக இருக்கலாம்.

"உள்ளூர்" என்பதில் எது உள்ளூர்?

பியருக்கு வேண்டியவை நான்கே பொருள்கள்: பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர்.

பார்லியை முளைகட்டி, காயவைத்து, வறுத்தால் அது மால்ட். வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக்குவார்களே, அதே வித்தைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பொருள்கள் உருவாகின்றன. மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் வெளியிடுகிறது. இரவில் கரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்பதைப் பார்த்திருந்தால், பியர் ஆலைக்குள் நடப்பதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பும் வாசமும் அதிலிருந்துதான் வருகின்றன. அது நன்றாகப் பூக்க நீண்ட கோடைப் பகல் வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் ஆண்டு முழுக்க 12 மணிநேரப் பகலைப் பார்க்கும் சிங்கப்பூரில் அது சரிப்படாது. பார்லியும் இங்கே விளைவதில்லை. ஆக, எவ்வளவுதான் "மேட் இன் சிங்கப்பூர்" என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் மால்ட்டும் ஹாப்ஸும் கப்பலில் வந்தவை. இங்கே சொந்தமாக இருப்பது தண்ணீர், உழைப்பு, நேரம்.

தண்ணீர் என்றதும் நியூபுரூ ஞாபகத்துக்கு வருகிறது. பொதுப் பயனீட்டுக் கழகமும் புரூவர்க்ஸ் நிறுவனமும் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்ட நியூவாட்டரில் காய்ச்சிய பியர் அது. முதலில் 2018ஆம் ஆண்டு அறிமுகமானது. 2022 ஏப்ரலில் கடைகளில் விற்பனைக்கு வந்தபோது வெளிநாட்டு ஊடகங்கள் "கழிவுநீர் பியர்" என்று தலைப்புப் போட்டன. கிண்டலை விடுங்கள். பியர் காய்ச்சுபவர்களுக்கு அந்தத் தண்ணீர் ஒரு வரம். நியூவாட்டர் நுண்வடிகட்டல், எதிர்மறைச் சவ்வூடு பரவல், புறஊதா ஒளி என மூன்று கட்டங்களைத் தாண்டி வருவதால் அதில் தாதுக்கள் மிகக் குறைவு. வெள்ளைத்தாள் மாதிரி. எந்த வகை பியருக்கு எந்தத் தாது வேண்டுமோ அதைத் தாங்களே அளந்து சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பியரை "இது நம்முடையது" என்று சொல்ல இதைவிட நேர்மையான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு குழப்பம், எங்கே காய்ச்சப்பட்டது என்பது. உள்ளூர்ப் பெயர், உள்ளூர் முதலாளி, உள்ளூர் ஓவியம். ஆனால் ஆலை வேறு நாட்டில். இது ஏமாற்று வேலை அல்ல. சொந்த ஆலை கட்டப் பெரிய முதல் வேண்டும், இடம் வேண்டும். அதனால் பலர் வேறு ஒருவரின் ஆலையில் தங்கள் செய்முறைப்படி காய்ச்சித் தரச் சொல்கிறார்கள். வீட்டில் பியர் காய்ச்சிப் பெயர் வாங்கிய ஜான் வெய் தொடங்கிய புரூலேண்டர் முதலில் கம்போடியாவில்தான் காய்ச்சப்பட்டது. பிறகுதான் துவாஸில் சொந்த ஆலை வந்தது. அதே நேரம், நம் அடையாளமாகவே ஆகிவிட்ட டைகர் இன்று பல நாடுகளில் காய்ச்சப்படுகிறது. டின்னைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி என்றால் எந்த நாட்டில் இருந்து வந்தது என்று எழுதியிருக்கும்.

அலெக்ஸாண்டிரா ரோட்டில் தொடங்கிய கதை

சிங்கப்பூரில் பியர் காய்ச்சுவது ஏதோ தாடி வைத்த இளைஞர்கள் பத்து ஆண்டுக்கு முன் கண்டுபிடித்த விஷயம் அல்ல. ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹைனகென்னும் சேர்ந்து 1931ல் மலாயன் புரூவரீஸை நிறுவின. 1932ல் டைகர் வந்தது. கொஞ்ச நாளில் போட்டிக்கு ஜெர்மானியர்கள் ஆர்க்கிப்பெலாகோ ஆலையைத் திறந்து ஆங்க்கர் பியரை விற்றார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அது எதிரி நாட்டுச் சொத்து ஆகிவிட்டது. 1941ல் மலாயன் புரூவரீஸே அதை வாங்கிக்கொண்டது. அலெக்ஸாண்டிரா ரோட்டில், ஐக்கியாவுக்கு எதிரே இருக்கும் ஆங்க்கர்பாயின்ட் கடைத்தொகுதிக்கு ஏன் அந்தப் பெயர் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த ஆலை இருந்த இடம் அது.

அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்குச் சந்தை ஒரே கையில். சிறிய ஆலைகளின் காலம் 1990களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. புரூவர்க்ஸ் 1997ல் ரிவர்சைட் பாயின்ட்டில் கடைக்குள்ளேயே கொப்பரை வைத்துக் காய்ச்சியது. 2007ல் டெம்சியில் ரெட் டாட் புரூஹவுஸ். சுருள்பாசி சேர்த்த அவர்களுடைய பச்சை நிற பியரைப் படம் எடுக்காதவர் அந்தக் காலத்தில் குறைவு. 2010ல் மரீனா பே நிதி நிலையத்தின் 33ஆம் மாடியில் லெவல் 33. ஒரு கட்டடத்தின் உச்சியில் பியர் ஆலை என்பது சிங்கப்பூரில் மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

என்னைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் அந்த மாடியில் நடக்கவில்லை. 2011ல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடியில் நடந்தது. டேனியல் கோ என்பவர் தி குட் பீர் கம்பெனி என்று ஒரு சின்னக் கடை போட்டார். சார் குவே தியாவ் தட்டு பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், நல்ல பியர். குளிர்சாதனம் கிடையாது, சேவைக் கட்டணமும் கிடையாது. நல்ல பியர் குடிக்க நல்ல சட்டை போட வேண்டியதில்லை என்பதை அந்தக் கடை காட்டிக்கொடுத்தது.

சரி, ஏன் இவ்வளவு விலை?

"எல்லாம் வரி லா" என்பதுதான் வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி உண்மைகூட இல்லை.

சிங்கப்பூரில் பியருக்கான மதுபானத் தீர்வை, அதில் இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. தூய ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி. 2014 வரவுசெலவுத் திட்டத்தில் தீர்வை 25 விழுக்காடு உயர்ந்தபோது வந்த விகிதம் இது. 330 மில்லிலிட்டர் டின், 5 விழுக்காடு ஆல்கஹால் என்று வைத்துக்கொள்வோம். அதில் தூய ஆல்கஹால் 16.5 மில்லிலிட்டர். தீர்வை 99 காசு. இறக்குமதி பியர் என்றால் லிட்டருக்கு மேலும் 16 வெள்ளி சுங்கத் தீர்வை உண்டு, அதாவது அதே டின்னுக்கு இன்னும் 26 காசு. தடையற்ற வர்த்தக உடன்பாடு இருக்கும் நாடுகளில் இருந்து வந்தால் அதற்கும் விலக்கு கிடைக்கலாம்.

இப்போது அந்த 16++ கிளாஸுக்கு வருவோம். 500 மில்லிலிட்டர், 6.5 விழுக்காடு. தீர்வை 1 வெள்ளி 95 காசு. நான் கொடுத்த 19.18ல் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

எங்கள் புளோக் கீழே காப்பிக்கடையில் பெரிய போத்தல் பியர் எட்டு வெள்ளிக்குச் சற்று மேலே விற்கிறது. அதில் தீர்வை மட்டுமே 1 வெள்ளி 90 காசு அளவில். அதாவது கிட்டத்தட்ட அதே தொகை, ஆனால் விலையில் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. ஆக, இந்தத் தீர்வையின் பளு மலிவான பியரைக் குடிப்பவர் மேல்தான் அதிகம். கிராஃப்ட் பியர் குடிக்கும் நாம் வரியைப் பற்றிப் புலம்புவது கொஞ்சம் ஓவர்.

அப்படியென்றால் மிச்சக் காசு எங்கே போகிறது? முதலில் வாடகை. அப்புறம் அளவு. பெரிய ஆலை மால்ட்டைக் கப்பல் கணக்கில் வாங்குகிறது, சின்ன ஆலை மூட்டைக் கணக்கில் வாங்குகிறது. ஐபிஏ வகைக்கு ஹாப்ஸ் சாதாரண லாகரைவிடப் பல மடங்கு அதிகம் வேண்டும். அடுத்தது குளிர். புளிக்கும்போது ஏல் வகைக்கு சுமார் 20 டிகிரி செல்சியஸ், லாகருக்கு சுமார் 10 டிகிரி வேண்டும். லாகர் வாரக் கணக்கில் அந்தக் குளிரிலேயே கிடக்க வேண்டும். வெளியே 32 டிகிரி. மின்கட்டணம் யார் கொடுப்பது?

பிரிட்டனில் 2002 முதல் சிறிய பியர் ஆலைகளுக்குத் தீர்வையில் சலுகை உண்டு. அங்கே சின்ன ஆலைகள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இங்கே ஆல்கஹால் அளவு மட்டும்தான் கணக்கு. பெரியவர், சின்னவர் என்ற பாகுபாடு இல்லை. இங்கேயும் சலுகை வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு மனம். பியர் இன்னும் மலிவாக வேண்டும் என்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த யாரும் கூசாமல் சொல்ல முடியுமா, தெரியவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

புதுசா, பழசா: அதுதான் கேள்வி

உள்ளூர் பியருக்கு இறக்குமதி பியரைவிட ஒரே ஒரு உண்மையான சாதகம்தான் இருக்கிறது. அது நாட்டுப்பற்று அல்ல. தூரம். துவாஸிலிருந்து தேக்காவுக்கு ஒரு மணிநேரம். அமெரிக்காவிலிருந்து வரும் ஐபிஏ வெயிலிலும் கடலிலும் வாரக் கணக்கில் பயணம் செய்து வருகிறது.

ஒயின் பழசானால் மதிப்புக் கூடும் என்பார்கள். பெரும்பாலான பியருக்கு அது நேர் எதிர். ஹாப்ஸ் வாசம் சில மாதங்களில் மங்கிவிடும். டின்னுக்குள் மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஆக்சிஜன் போதும், நான் சொன்ன அந்த ஈர அட்டை வாசத்தைக் கொண்டுவர. சூடு இதை வேகப்படுத்தும். பியரின் இன்னொரு எதிரி வெளிச்சம். ஹாப்ஸில் இருந்து வந்த கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, அழுகிய பூண்டு மாதிரி ஒரு நாற்றம் வரும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காப்பாற்றும். பச்சை, நிறமற்ற கண்ணாடி அவ்வளவாகக் காப்பாற்றாது. டின்னுக்குள் வெளிச்சமே போகாது. "டின் பியர் மட்டம், போத்தல்தான் தரம்" என்று சித்தப்பாமார்கள் சொல்வதை இனி மரியாதையாக மறுக்கலாம்.

ஆக, உள்ளூர் பியர் கடை அலமாரியில் ஆறு மாதம் சூட்டில் நின்றிருந்தால் அதன் ஒரே சாதகமும் போய்விட்டது. அதற்கு அதிக விலை கொடுக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. பக்கத்தில் குளிர்பெட்டியில் இருக்கும் பெரிய நிறுவன லாகர் அதைவிட நன்றாக இருக்கும். இதைச் சொன்னால் கிராஃப்ட் பியர் நண்பர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். பெரிய ஆலைகளின் பலம் அதுதான்: பியர் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், வேகமாக விற்றும் தீர்ந்துவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான். டின் வாங்கினால் அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். பல சிறிய ஆலைகள் டின்னில் அடைத்த தேதியைப் போடுகின்றன. ஐபிஏ என்றால் மூன்று மாதத்துக்குள் இருக்கவேண்டும். கறுப்பான, கனமான ஸ்டவுட் வகை என்றால் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். தேதியே இல்லை, அலமாரியில் தூசி இருக்கிறது என்றால் நடையைக் கட்டுவேன். குழாய் பியர் என்றால், "இந்தப் பீப்பாய் எப்ப திறந்தீங்க?" என்று கேட்பேன். முதல் தடவை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார், கேட்காமலே ஒரு வாய் சுவைக்கக் கொடுப்பார். கோபப்பட்டால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

புதிய கடைக்குப் போனால் முதலில் அவர்களுடைய பில்ஸ்னரையோ சாதாரண லாகரையோ சிறிய கிளாஸில் கேளுங்கள். பெயர் தெரியாத ஒரு சாப்பாட்டுக் கடையை எப்படி எடைபோடுவோம்? ரசத்தை வைத்து. மசாலா நிறையப் போட்ட குழம்பில் தப்பை மறைக்கலாம், ரசத்தில் முடியாது. பியரும் அப்படித்தான். பாண்டான் இலை, லைச்சி, குலா மெலாக்கா என்று எதை எதையோ போட்ட பியர்கள் இப்போது நிறைய. சில அருமை. பல, பியர் சரியாக வராததை மூடி மறைக்கும் வேலை.

சாப்பாட்டுடன் என்றால் ஒரு எச்சரிக்கை. கசப்பான, ஆல்கஹால் கூடிய ஐபிஏ காரத்தை அடக்காது, ஏற்றிவிடும். சம்பல் ஸ்டிங்ரேயுடன் நான் ஒரு முறை ஐபிஏ குடித்துக் கண்ணீர் விட்டேன். காரத்துக்கு கோதுமை பியர் அல்லது லேசாக இனிப்பு இருக்கும் மால்ட் வகைதான் சரி. இன்னொன்று, உணவங்காடியில் ஹலால் கடை மேசைகளுக்குப் பியர் கிளாஸை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், பக்கத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

கள்ளுக்கடையிலிருந்து டேப்ரூம் வரை

இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் அம்மா கேட்டார்: "குடிக்கிறதுக்கு ஒரு கட்டுரையா?" அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை.

நம் வீடுகளில் "குடி" என்பது பொழுதுபோக்கின் பெயர் அல்ல. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கள்ளுக்கடை என்றால் அது பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளிக்கு என்று இருந்த இடம். சிங்கப்பூரில் அரசாங்கமே கள்ளுக்கடைகளை நடத்தியது. 1970களின் இறுதியில்தான் அவை முற்றிலும் மறைந்தன. சம்பள நாளில் அந்தக் கடை வழியே வந்த தாத்தாவைப் பற்றிப் பல வீடுகளில் ஒரு கதை இருக்கும், பாதியிலேயே நிறுத்தப்படும் கதை. இன்றும் லிட்டில் இந்தியா ஒரு மதுபானக் கட்டுப்பாட்டு வட்டாரம். 2013 டிசம்பரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015ல் வந்த சட்டப்படி, நாடு முழுக்கப் பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதி முழுக்கவே கூடாது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஹாப்ஸ் வாசம் பற்றிப் பேசுபவருக்கு அந்தச் சட்டம் கண்ணில் படுவதே இல்லை. வெளியே புல்தரையில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்குத்தான் அது தெரியும்.

இதைச் சொல்வதற்கு ஒரு நேரடிக் காரணமும் உண்டு. கிராஃப்ட் பியர் என்றால் "ரசித்துக் குடிப்பது, அதனால் பரவாயில்லை" என்று ஒரு நினைப்பு நம் வயதினரிடம் இருக்கிறது. எண்களைப் பாருங்கள். 330 மில்லிலிட்டர், 5 விழுக்காடு பியரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். அரை லிட்டர், 8 விழுக்காடு டபுள் ஐபிஏவில் சுமார் 32 கிராம். இரண்டும் "ஒரு பியர்"தான். சுகாதார மேம்பாட்டு வாரியம் 10 கிராமை ஓர் அளவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆண்களுக்கு நாளுக்கு அதிகபட்சம் இரண்டு அளவு, பெண்களுக்கு ஒன்று. அந்த ஒரே கிளாஸ் மூன்று அளவைத் தாண்டிவிட்டது. "ஒரு கிளாஸ்தானே, ஓட்டிட்டுப் போயிடலாம்" என்ற கணக்கும் இங்கேதான் தப்பாகும். சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம். உங்கள் உடம்பு அதை எப்போது தாண்டும் என்று கண்ணால் சொல்ல முடியாது. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள்.

நான் இப்போது பெரிய கிளாஸ் வாங்குவதை விட்டுவிட்டேன். பாதி அளவு கேட்டால் தருகிறார்கள். சூடாவதற்குள் முடிந்துவிடும், காசும் மிச்சம்.

வீட்டிலேயே காய்ச்சலாமா?

காய்ச்சலாம், சட்டப்படி. சொந்தப் பயனுக்கு ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, 18 வயதுக்கு மேல் இருந்தால். விற்கக் கூடாது. சாராயம் வடிப்பது வேறு விஷயம், அதற்கு அனுமதி கிடையாது. சிங்கப்பூரின் சிறிய ஆலைகள் சிலவற்றின் தொடக்கமே இப்படி வீட்டுச் சமையலறைதான்.

என் மச்சான் போன ஆண்டு முயன்றார். வீவக வீட்டுச் சமையலறை, 20 லிட்டர் வாளி, கிட்டத்தட்ட 30 டிகிரி சூடு. சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு அது அதிகம். வாளியில் இருந்து நகப்பூச்சு நீக்கும் திரவம் மாதிரி ஒரு நெடி. அத்தனையும் குழியில் போனது. வீடு முழுக்க மால்ட் வாசம் மூன்று நாள் நின்றதில் அத்தை பேசவே இல்லை.

இரண்டாம் முறை அவர் குவெய்க் என்ற ஈஸ்ட்டை வாங்கினார். நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் அது. 30 டிகிரிக்கு மேலும் அலுங்காமல் வேலை செய்யும். குளிர்நாட்டில் பிறந்த பொருள் நம் புழுக்கத்துக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். நியூபுரூவிலும் இதே வகைதான் பயன்பட்டது. மூன்றாம் நாள் வாளியின் மூடியைக் கொஞ்சம் தூக்கியபோது நுரை பொங்கி, ஆரஞ்சுப் பழ வாசம் வந்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "புளிச்ச மாவு மாதிரிதான் இருக்கு, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார்.

செலவைக் கூட்டிப் பார்த்தோம். வாளியும் கருவிகளும் ஒரு முறை வாங்குவது, அதை விட்டுவிடலாம். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டதில் அரை லிட்டர் மூன்று வெள்ளிக்குள் அடங்கியது. மச்சானுடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கணக்கில் இல்லை. டின் அடியில் போடும் தேதிக்குப் பதிலாகப் போத்தல் மூடியில் மார்க்கரால் எழுதினார்: "14ஆம் தேதி. சீக்கிரம் குடிங்க."